லாக் இல்லாத தையல்

தையல் மெஷினின் பிடியை நாடாவால் இறுக்கிக் கட்டி மூன்று நாளாகியும் அவளுடைய வலது கை சும்மா இருக்கவில்லை. ஒவ்வொரு தோள்வாரும் தைத்து முடிகிற இடத்தில் தானாகப் பறந்து போய்ப் பிடியைத் தட்டியது. பிடி அசையாது. கை வெறுமனே திரும்பி வரும். அதற்குள் அடுத்த வார் மடியில் விழுந்திருக்கும்.

அந்தச் சின்ன இரும்புப் பிடியை அழுத்தினால் ஊசி பின்னுக்கு ஓடி, தையலின் முனையை மூன்று தரம் பூட்டும். லாக் என்பார்கள். அது இல்லாத முனை சீக்கிரமே வாய் பிளந்துவிடும். ஒன்பது வருஷமாக அந்தப் பைக் கம்பெனியில் அவள் தைத்ததெல்லாம் விலை கூடிய பைகள். ஒரு வாரில் லாக் தவறினால் மொத்தக் கட்டையும் பிரிக்கச் சொல்வார்கள். அந்த ஆர்டர் வேறெங்கோ போய்விட்டது. இப்போது வந்திருப்பது, இரண்டு மாதம் தோளில் கிடந்தால் போதும் என்கிற பை. மணிக்குத் தொண்ணூறு வார் கேட்டார்கள். அவள் எழுபதில் நின்றாள். வெள்ளிக்கிழமைக்குள் எட்டாவிட்டால் வேறு ஆளைப் பார்ப்பதாகச் சொல்லி, சூப்பர்வைசர் தன் கையாலேயே பிடியைக் கட்டிவிட்டுப் போயிருந்தான்.

"கை சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது தம்பி," என்றாள் அவன் திரும்ப வந்தபோது.

"பழகிடும்க்கா. லாக் இல்லாம பாஸ் பண்ண எனக்கே பழகிடுச்சு."

வெள்ளிக்கிழமை மதியம் அவள் அறியாமலே கை அடங்கிவிட்டது. தொண்ணூற்றிரண்டு. வேலை தப்பியதில் அவளுக்கு வாயெல்லாம் பல். வழியில் பார்த்தவர்களிடமெல்லாம் நின்று சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை கணவன் தன் இடுப்புப் பட்டையைக் கொண்டுவந்து போட்டான். உயரமான கட்டடங்களின் வெளிச்சுவரில் தொங்கிக்கொண்டு பெயிண்ட் அடிக்கிறவன் அவன். மேஸ்திரி கொடுக்கிற பட்டைகளை நம்பமாட்டான். பழைய ஆர்டரில் மிஞ்சிய தடித்த நாடாவில் அவள் தைத்துக் கொடுத்ததைத்தான் ஐந்து வருஷமாகக் கட்டுகிறான். தன் உயிர் பெண்டாட்டி கையில் என்று கூட்டாளிகளிடம் கேலியாகச் சொல்வான். கயிறு மாட்டும் வளையத்தருகே நூல் தேய்ந்திருந்தது. பழைய தையலைப் பிரித்து, வீட்டு மெஷினில் புதிதாக நான்கு வரி ஓட்டிக் கொடுத்தாள். மறுநாள் அவனுக்கு ஒன்பதாவது மாடி.

திங்கட்கிழமை பத்தரை மணிக்கு, ஒரு வாருக்கும் அடுத்த வாருக்கும் நடுவில் அவள் கை நின்றது. நேற்று பிடியைத் தொட்டேனா? நூல் கோத்தது நினைவிருந்தது. கத்தரித்தது நினைவிருந்தது. கை வலப்பக்கம் போனது மட்டும் நினைவில் இல்லை. இன்னும் பத்து வார் தைத்தாள். போன்களையெல்லாம் வாசலில் ஒரு பெட்டியில் பூட்டி வைத்திருந்தார்கள். இரண்டு நிமிஷம் கேட்டாள்; சாப்பாட்டு மணி அடிக்கட்டும் என்றான் சூப்பர்வைசர். உட்கார்ந்தாள், உடனே எழுந்தாள்.

"எங்க வீட்டுக்காரர் உசுரு தம்பி."

"இப்ப நீங்க எழுந்தா லைனே நிக்கும்க்கா. போனா அப்படியே போயிட வேண்டியதுதான்."

அவள் போனாள்.

வாசலில் போனை வாங்கி அழைத்தாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. தொங்கும்போது அவன் எடுக்கமாட்டான். பஸ் ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஆற அமர நின்று கிளம்பியது. உட்கார்ந்த இடத்தில் அவள் கால் தரையை மிதித்துக்கொண்டே இருந்தது.

கட்டடத்தின் கீழே நின்று தொண்டை கட்டும்வரை கத்தி அவனை இறக்கினாள். அவன் பதறிக்கொண்டு வந்தான். "என்ன, புள்ளைக்கு ஏதாவதா?"

அவள் அவன் இடுப்பிலிருந்து பட்டையை உருவித் திருப்பினாள். நான்கு வரியும் முனையிலிருந்து ஒரு விரல் நீளத்துக்குப் பிரிந்திருந்தன.

"மறந்துட்டேங்க. கை மறந்துடுச்சு." அவளுக்கு அழுகை வந்தது. அவன் பிரிந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தான்.

மேஸ்திரி பிளாஸ்டிக் உறையைக் கிழித்து ஒரு மஞ்சள் பட்டையை நீட்டினார். புத்தம் புதுசு, இருட்டுவதற்குள் அந்தப் பக்கம் முடிய வேண்டும் என்றார். அவள் அதை வாங்கி முனையைப் புரட்டினாள். நகத்தால் இழுத்ததும் நூல் கூடவே வந்தது.

"இதுலயும் லாக் இல்லண்ணே."

"பெட்டி பெட்டியா வாங்குறது. ஒவ்வொண்ணா பாத்துக்கிட்டிருக்க முடியுமாம்மா? எல்லாரும் இதத்தான் கட்டியிருக்காங்க."

காவல்காரரிடம் சாக்கு தைக்கிற கோணி ஊசி ஒன்று இருந்தது. தன் பைக்குள் பழைய ஆர்டரின் தடித்த நூல்கண்டைத் தேடி எடுத்தாள். கவிழ்த்த பெயிண்ட் வாளியில் உட்கார்ந்து, கணவனின் பழைய பட்டையை மடியில் போட்டு, ஊசியை முன்னும் பின்னும் தள்ளித் தள்ளித் தைத்தாள். மேஸ்திரி கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி பக்கத்திலேயே நின்றார்.

கணவன் எழுந்து மேலே பார்த்துக் கத்தினான். ஒன்பதாவது மாடியில் மஞ்சள் பட்டை கட்டிய நான்கு பேர் சுவரைக் காலால் உதைத்து நகர்ந்துகொண்டிருந்தார்கள். அதற்குள் காற்று பலத்திருந்தது; அவர்களுக்கு எதுவும் கேட்கவில்லை. ஒருவன் மட்டும் குனிந்து பார்த்து, சிரித்துக்கொண்டே பிரஷ்ஷை ஆட்டினான்.