ரெகார்டுக்குக் கால் வலிக்காது

ஏரிக்கரைக்கு ஏறும் மேட்டின் அடியில் அன்றும் என் வலது கால் மறுத்துவிட்டது. உள்ளங்காலின் நடுவில் மூண்ட எரிச்சல் பெருவிரல்வரை ஓடி அங்கேயே தங்கிற்று. சைக்கிளைவிட்டு இறங்கி, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, காலை முழங்கால் உயரத்துக்குத் தூக்கியபடி மார்கழிப் பனியில் நின்றேன். எதிரே பால் கேன்களோடு வந்த பரமசிவம் சைக்கிளை மெதுவாக்கி என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

"சாமி செதம்பரத்துலதான் ஒத்தக் கால்ல நிக்குதுன்னு பாத்தா, இங்கியும் நிக்குதே மொதலியாரே!"

சிரித்துக்கொண்டே போய்விட்டான். மணியடித்து வேறு போனான்.

பிள்ளையார்பாளையத்தில் பட்டு நெய்பவன் நான். பகலெல்லாம் தறிக்குழியில் கால் வைத்து மிதிப்பலகையை மிதிக்கிறவன், மார்கழி பிறந்துவிட்டால் விடியுமுன்னே சைக்கிளை மிதித்துக்கொண்டு, கூரத்துக்கும் அப்பாலுள்ள சிற்றூர்ச் சிவன் கோயிலுக்குப் போய்ப் பதிகம் பாடுவேன். அவ்வூரில் பாடுவதற்கு வேறு ஆள் கிடையாது. மாதம் முழுவதும் ஒரு நாளும் தவறாமல் பாடுவதாகச் சன்னிதியில் நின்று ஒப்புக்கொண்ட வார்த்தை அது.

கால் வலிக்கிறது என்று வாய் தவறிச் சொன்னதுதான் தாமதம், தெருவே வைத்தியம் கற்றுவிட்டது. சைக்கிள் கடைத் துரைக்கண்ணு சீட்டை இறக்கினார். வலி முழங்காலுக்கும் ஏறியது. உடனே சீட்டை உயர்த்தினார். பெடலை எட்டுவதற்கு நான் எம்பி எம்பிச் சரிய வேண்டியதாயிற்று. பெடலுக்குப் புது ரப்பர் போட்டார். அடுத்த வீட்டுக் கலியாணசுந்தரம் இலுப்பெண்ணெயைக் காய்ச்சித் தடவச் சொன்னார்; தடவினேன்; கால் பெடலிலிருந்து வழுக்கி, கணுக்காலும் சிராய்த்தது. மருத்துவரோ மிதிக்கவே கூடாது என்றார். தறியையா, சைக்கிளையா என்று கேட்டேன். இரண்டையும் என்றார். அப்படியானால் எதைச் சாப்பிடுவது, எதைப் பாடுவது என்று கேட்பதற்குள் அடுத்த நோயாளியை அழைத்துவிட்டார்.

நான் பாடும் பாட்டிலெல்லாம் அடிதான். அவன் அடி மலர், அடி நிழல், அடி சேர்ந்தாருக்கு அல்லல் இல்லை. பாடியருளிய பெரியோர் ஊர் ஊராகக் கால்நடையாகவே திரிந்தவர்கள். அவர்களில் ஒருவராவது தம் சொந்தப் பாதத்தைப் பற்றி ஒரு வரி, எரிகிறதென்றோ, வீங்கிற்றென்றோ எழுதி வைத்திருக்கலாகாதா? எனக்குத் துணையாக இருந்திருக்கும்.

அன்று கோயிலை அடைந்தபோது கிழக்கு வெளுத்துவிட்டது. திரை விலகி, தீபாராதனையும் முடிந்திருந்தது. தர்மகர்த்தா ஆதிகேசவன் என்மேல் சினம்கொள்ளவில்லை. அதுதான் என்னைச் சுட்டது.

"வருத்தப்படாதீங்க மொதலியாரே. ஊருக்குத்தான் கரண்டு வந்துடுச்சே. நாளைக்குத் திருவாதிரைக்கு மைக் செட்டு சொல்லிக்கிறேன். நீங்க நேரத்துக்கு வந்தா பாடுங்க, இல்லன்னா ரெகார்டு போட்டுக்கறோம். ரெகார்டுக்குக் கால் வலிக்காது பாருங்க. அடுத்த வருசமும் அதுவே போதும்னு ஊர்ல பேசிக்கினு இருக்காங்க."

மறுநாள் முன்னதாகவே புறப்பட்டேன். சாமிக்குக் களி கொண்டுவருவதாக வேண்டியிருந்த என் மனைவி மங்கையர்க்கரசி, தூக்குப் பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு கேரியரில் அமர்ந்திருந்தாள். எதிரே மேற்கில் நிலவு சாய்ந்துகொண்டிருந்தது. கூரம் தாண்டுவதற்குள் கால் எரியத் தொடங்கிவிட்டது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தேன்.

"இன்னாங்க, வண்டி எதுக்கு இப்படி ஒதைக்குது?"

"மேடு."

"அந்தச் சின்ன மேடு தாண்டி எவ்ளோ நேரமாச்சு. களியெல்லாம் மூடியில வந்து இடிக்குது." பின்னாலிருந்து குனிந்து என் கால்களைப் பார்த்தாள் போலும், வண்டி ஒரு பக்கம் சாய்ந்தது. "ஐயோ! கீழ போன காலை எடுக்கவே மாட்றீங்களே. அமுக்கிக்கினே இருக்கீங்க. ஒரு காலு அமுக்கினா, இன்னொரு காலு வண்டியையும் இழுத்து அந்தக் காலையும் தூக்கணுமா? தறியில குந்திக்கினு இருக்கறதா நெனப்பா? நாடா அந்தப் பக்கம் போற வரைக்கும் காத்துக்கினு இருக்கீங்களா? இங்க ஏதுங்க நாடா?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. தறியில் மிதித்த காலை, ஊடைநூல் சுமந்த நாடா ஓடிக் கரை சேரும்வரை அழுத்தியே பிடிக்க வேண்டும்; விட்டால் இழை மூடிக்கொள்ளும். இது எனக்குத் தெரியாதா?

"பொறந்ததுலேர்ந்து மிதிக்கிறவன்டி நான். எனக்கு மிதிக்கக் கத்துத் தர்றியா?"

"மிதிக்கிறதை யாரு கேட்டா? தூக்கறதைச் சொல்றேன். தூக்குங்க."

அவள் சொன்னது தவறென்று காட்டுவதற்காகவே இறங்கிய காலைத் தளர்த்தி மேலே வரவிட்டேன். வண்டி, பகைவன் வீட்டு வண்டிபோல, சத்தமின்றி முன்னே ஓடிற்று. எனக்குக் கோபம் இரட்டித்தது. சற்று நேரத்தில் கால் பழைய பழக்கத்துக்குத் திரும்பியது. முதுகில் ஒரு குத்து விழுந்தது.

"தூக்குங்க."

ஏரிக்கரைக்கு அப்பாலிருந்து கரகரத்த குரலொன்று நீரின்மேல் வந்தது. "அலோ... அலோ... மைக் டெஸ்டிங்..."

"தூக்குங்க... தூக்குங்க..." குத்து தாளம் தப்பாமல் விழுந்தது. சிவத்தொண்டு செய்யப் போகிறவனை இப்படியா ஓட்டிச் செல்வது? ஏரிக்கரை மேட்டில் அன்று நான் இறங்கவில்லை என்பதை, அதைத் தாண்டியபிறகே உணர்ந்தேன்.

கோயில் வாசலில் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு நொண்டிக்கொண்டே உள்ளே ஓடினேன். இத்தனை நாள் சேர்ந்த வலி ஒரு நாளில் போய்விடுமா? அபிஷேகம் முடிந்து திரை போட்டிருந்தார்கள். குழாய் ஒலிபெருக்கி வேப்பமரத்தில் வாய் பிளந்திருந்தது. மண்டபத்து மூலையில் ரெகார்டு ஏற்கெனவே சுழன்றுகொண்டிருக்க, ஆதிகேசவன் ஊசிக் கையைத் தூக்கிப் பிடித்துக் குருக்களின் மணிக்காகக் காத்திருந்தார். என்னைக் கண்டும் அதை அவர் ஒதுக்கி வைக்கவில்லை.

"வந்துட்டீங்களா? மூச்சு வாங்குதே மொதலியாரே. முடியுமா?"

மணி அடித்தது. திரை விலகியது. நான் பாடத் தொடங்கினேன். பக்தியால் அல்ல, கோபத்தால்தான் முதலடி உயர்ந்து வந்தது. சந்தனம் வழியும் நடராசர் தீப ஒளியில் நின்றார். தூக்கிய திருவடியில் எல்லோரும் தந்த பூவைக் குருக்கள் சார்த்தியிருந்தார். என் கண், மொத்தப் பாரத்தையும் தாங்கி முயலகன்மேல் ஊன்றிய மற்றொரு காலில் போய் நின்றது.

மூன்றாம் பாட்டில் பெண்கள் பக்கமிருந்து யாரோ கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். மங்கையர்க்கரசி மட்டும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு என் காலைப் பார்த்தாள். அப்போதுதான் கண்டேன்: என் வலது கால் தரையிலிருந்து எழும்பி, எரியும் உள்ளங்கால் காற்றில் தொங்க, நான் ஒற்றைக் காலில் நின்று பாடிக்கொண்டிருந்தேன். இறக்கினால் குரல் உடையும் என்று பட்டது. மூலையில் ரெகார்டு சுழன்றுகொண்டே இருந்தது. அதற்கு மேலே, தொடாமல், விலகாமல், ஆதிகேசவன் பிடித்த ஊசி அந்தரத்தில் நின்றது.