மொட்டைமாடியில் நட்ட குழாய்

விடிவதற்கு முன்பே நான்கு அங்குலக் குழாய்களைத் தோளில் ஏற்றிவிடுவோம். வெயில் வந்துவிட்டால் பசை டப்பாவிலேயே இறுகத் தொடங்கிவிடும். ஆறு மாடி, லிஃப்ட் வர வேண்டிய இடத்தில் வெறும் குழி. படிக்கட்டுத் திருப்பத்தில் முன்னால் போகிறவன் குனிய வேண்டும், பின்னால் வருகிறவன் எக்க வேண்டும். ரெட்டைச்சட்டி மட்டும் ஒரு குழாயைத் தனியாகவே தலையில் வைத்து ஏறிவிடுவாள். மணல் சட்டி இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாகச் சுமப்பதால் அவளுக்கு அந்தப் பெயர். கட்டிடத்தின் காவலாளிதான் அவள் புருஷன். இருவரும் தரைத்தளத்தில் ஓர் அறையில் குடியிருந்தார்கள்.

மேலே போனதும் ரம்பம். அறுத்த முனையை அரம் வைத்துத் தேய்த்தால் வெள்ளைத் தூள் இமையில் ஒட்டும், நாக்கில் கசக்கும். பசையின் நெடி வெறும் வயிற்றில் போய் உட்கார்ந்துகொள்ளும். குழாயைச் செருகிக் கால்வட்டம் திருப்பி, இருபது எண்ணும்வரை அழுத்திப் பிடிக்க வேண்டும். நான் இருபத்திரண்டு வருஷமாக எண்ணிக்கொண்டிருக்கிறேன். என் சகலை பன்னிரண்டு வருஷமாகத்தான் எண்ணுகிறான். ஆனால் அவன்தான் மேஸ்திரி.

இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும். என் மனைவியின் தங்கையைக் கட்டியவன் அவன். அவனை இந்த வேலைக்குக் கூட்டி வந்தவன் நான். வீட்டில் என்னைக் கண்டால் எழுந்து நிற்பான். வேலையிடத்தில் அவன் சொன்னால் நான் குனிய வேண்டும். அவனுக்கு வரைபடம் படிக்கத் தெரியும். எத்தனை கக்கூஸ், எத்தனை வாஷ்பேசின், அதற்கு எந்த அளவுக் குழாய், எவ்வளவு சரிவு என்று பார்த்ததும் சொல்வான். நான் கண் அளவுக்காரன். ஒருநாள் என் மனைவி, "தங்கச்சி வீட்ல புதுசா பீரோ வாங்கியிருக்காங்க" என்று சும்மாதான் சொன்னாள். அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பொறாமைக்குப் பெரிய காரணம் ஒன்றும் வேண்டாம், ஒரு பீரோ போதும்.

முதலாளி வந்தால் குழாயைத்தான் பார்ப்பார். சுவருக்குள் மறையப்போகிற பொருளில் மிச்சம் பிடித்தால் யார் கேட்கப்போகிறார்கள்?

"ஏம்பா, மூணு இஞ்ச் போதாதா? எதுக்கு நாலு?"

"ஆறு மாடிக் கக்கூஸும் இதுலதான் இறங்குது முதலாளி. மூணு போட்டா முதல் மாசமே அடைச்சுக்கும்," என்றான் சகலை.

"சரி, பக்கத்துல இன்னொண்ணு ஏறுதே, அது எதுக்கு? அதுல ஒண்ணுமே இறங்காதே!"

"அது காத்துக்கு."

"காத்துக்கு எதுக்குப்பா குழாய்? காத்து தானா வந்துட்டுப் போகாதா?"

நாங்கள் சிரித்துவிட்டோம். சகலை சிரிக்கவில்லை.

"எண்ணெய் டின்ல ஒரே ஒரு ஓட்டை போட்டுக் கவுத்துப் பாருங்க. குபுக் குபுக்னு திணறும். இன்னொரு ஓட்டை போட்டாதான் சீரா ஊத்தும். சாக்கடைக் குழாயும் அப்படித்தான். மேலேர்ந்து தண்ணி விழும்போது காத்தை இழுக்கும். காத்து வர வழி இல்லேன்னா, கீழ்வீட்டு பாத்ரூம் வளைவுக்குள்ள நிக்கிற தண்ணியை உறிஞ்சிடும். அந்தத் தண்ணிதான் நாத்தத்துக்குப் பூட்டு. பூட்டு போச்சுன்னா சாக்கடைக் காத்து வீட்டுக்குள்ள வந்துடும். ஆளையே சாய்ச்சிடும்."

எனக்கும் அது அத்தனையும் தெரியும். ஆனால் என்னால் இப்படிச் சொல்லியிருக்க முடியாது. சுற்றி நின்றவர்கள் அவனையே பார்த்தார்கள்; நான் அரத்தை எடுத்துத் தேய்க்கத் தொடங்கினேன்.

காற்றுக்குழாய்க்கான சரக்கு மூன்றாவது மாடிவரைக்குத்தான் வந்து சேர்ந்தது. சகலை மூன்று தடவை கேட்டான். அடுத்த லோடில் வரும் என்றார் முதலாளி. அதற்குள் சகலைக்குக் குழந்தை பிறந்து, இரண்டு நாள் அவன் வரவில்லை.

முதல் நாளே முதலாளி என்னை மொட்டைமாடிக்குக் கூப்பிட்டார். தோளில் கை போட்டார்.

"உன் சகலை வாயால வேலை செய்யறான். நீ கையால செய்யறே. எனக்குத் தெரியாதா? மூணாவது மாடியோட அந்தக் குழாயை மூடிடு. இங்க ஆறடித் துண்டு ஒண்ணு நட்டு, மேல தொப்பியைப் போட்டுடு. பார்க்க வர்ற அதிகாரி மாடியில நின்னு பார்ப்பான், சுவரைத் தோண்டியா பார்க்கப் போறான்? முடிச்சுக் குடு மேஸ்திரி."

மேஸ்திரி என்றார். இருபத்திரண்டு வருஷத்தில் என் காதில் அப்படி ஒரு சொல் விழுந்ததில்லை. நட்டேன். தூக்குக்குண்டு பிடித்து, இம்மி பிசகாமல் நட்டேன். அடியில் எதோடும் சேராத குழாயை அவ்வளவு நேராக நட்டவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். சாயங்காலமே கொத்தனார் வந்து, குழாய்கள் ஏறும் இடுக்கை மூடிப் பூசிவிட்டார்.

சகலை திரும்பி வந்தான். மாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து மிட்டாய் நீட்டினான்.

"பெண் குழந்தை அண்ணே. அப்புறம், நடுவுல எல்லா மாடியிலயும் சேர்த்தாச்சா?"

"ம்."

"உள்ள புகை விட்டுப் பார்த்துடலாம்னு இருந்தேன். நீங்க செஞ்சதுன்னா தேவையில்ல."

மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டேன். உண்மையைச் சொல்லியிருக்கலாம். இவனுக்கு ஒருநாள் தலைகுனிவு வரட்டுமே என்றுதான் தோன்றியது. அந்தப் பொல்லாத எண்ணத்தை மறைத்து எனக்கு ஆவதொன்றுமில்லை.

மேல் வீடுகளில் ஆட்கள் குடிவந்த பன்னிரண்டாம் நாள். காலை எட்டு மணி, எல்லா மாடியிலும் தண்ணீர் ஓடுகிற நேரம். ரெட்டைச்சட்டி குளிக்கப் போனாள். ஜன்னல் இல்லாத சின்ன அறை. உள்ளே பக்கெட் உருளும் சத்தம் கேட்டுக் காவலாளி கதவை உடைத்தான். குழாய்முனையில் தலை அடிபட்டு, நினைவில்லாமல் கிடந்தாள். அடுத்த கட்டிடத்தின் அஸ்திவாரத்தில் நின்ற நாங்கள் ஓடிவந்து, குழாய் சுமக்கிற மாதிரி நாலு பேராய் அவளைச் சுமந்து வண்டியில் ஏற்றினோம். அவள் தலை என் கையில் இருந்தது. ஆஸ்பத்திரியில் மதியம் கண் திறந்தாள். புருஷனைப் பார்த்து யார் என்று கேட்டாள்.

சகலை குளியலறைக்குள் போய், வடிகாலின் வளைவுக்குள் விரலை விட்டான். எலும்பாய்க் காய்ந்திருந்தது. வெளியே வந்து என்னைப் பார்த்தான். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

மறுநாள் காலை முதலாளி காரிலிருந்து இறங்கும்போதே கத்தினார்.

"எல்லாரும் கேட்டுக்கங்க! காத்துக்குழாயை மூணாவது மாடியோட விட்டுட்டுப் போனவன் இந்த மேஸ்திரி. அலட்சியம்! ஒரு பொம்பளை உசுரோட விளையாடியிருக்கான். இன்னியோட இவன் கணக்கு முடிஞ்சுது."

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். இங்கே மாமியார் உடைத்த குடத்துக்கே மருமகள் தலை உருண்டது.

சகலை நிதானமாகக் கேட்டான். "மூணாவது மாடியோட நின்னுடுச்சுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும் முதலாளி? சுவரை இன்னும் உடைக்கவே இல்லையே?"

முதலாளி சட்டென்று என் பக்கம் திரும்பினார்.

"நீ சொல்லுப்பா. விசாரிக்க அதிகாரி வர்றார். இவன் விட்டுட்டுப் போனதுன்னு சொல்லு. இன்னிலேர்ந்து நீதான் இங்க மேஸ்திரி."

நான் ஆசைப்பட்டது தட்டில் வைத்து முன்னால் வந்தது. ஒரு சொல் போதும். சகலை வீட்டில் பீரோ விலைபோகும். என் வீட்டுக்கு ஒன்று வரும். அவன் என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் அவனைத்தான் சொல்வேன் என்று முடிவே செய்துவிட்டான். அவன் நினைத்தது சரிதான், நேற்றுவரை. ஆனால் ரெட்டைச்சட்டியின் தலை கனத்த இடம் என் உள்ளங்கையில் இன்னும் வலித்தது.

"நான்தான் மூடினேன்," என்றேன். "மாடியில நிக்கிறது பொய்க் குழாய். இவர் சொல்லி நான் நட்டது. சகலை கேட்டப்போ சேர்த்தாச்சுன்னு பொய் சொன்னேன். அவன் மேஸ்திரியா இருக்கிறது எனக்குப் பொறுக்கல, அதான்."

எங்களோடு குழாய் சுமக்கும் நெட்டையன் என் சட்டையைப் பிடித்துவிட்டான். நான் கையை எடுக்கச் சொல்லவில்லை. அடி விழட்டும் என்றுதான் நின்றேன். காவலாளி நடுவில் வந்தான். இரவெல்லாம் ஆஸ்பத்திரித் தரையில் கிடந்தவன், கண்கள் சிவந்திருந்தன.

"விடுப்பா. இவனை நான் அப்புறம் பார்த்துக்கறேன். இப்ப இவனை அடிச்சோம்னா, அந்தச் சந்தடியில இவர் கார் ஏறிப் போயிடுவார்."

நெட்டையன் கையை எடுத்தான். எல்லோரும் காரைச் சுற்றி நின்றார்கள்.

"சுவரை உடைக்கணும். காத்துக்குழாய் மாடிவரைக்கும் போகணும்," என்றான் சகலை.

"என் பொண்டாட்டி எழுந்து நடக்கிறவரை வைத்தியம் உங்க பொறுப்பு," என்றான் காவலாளி.

"மேஸ்திரியை நிறுத்தினா நாங்களும் நிக்கறோம்," என்றான் நெட்டையன்.

"நில்லுங்கடா, நல்லா நில்லுங்க! நாலு தெரு தள்ளி என்னோட இன்னொரு கட்டிடத்துல இருபது பேர் இருக்கான். மத்தியானம் அவனுங்க இங்க வேலை செய்வானுங்க."

கார் கிளம்பிப் போனது. நாங்கள் அரத்தையும் ரம்பத்தையும் கீழே வைத்துவிட்டு வாசலில் உட்கார்ந்தோம். இரண்டாவது மாடி அம்மா ஈரத்தலையோடு இறங்கி வந்தார். "எங்க பாத்ரூமும் அதே குழாய்லதான் இருக்கா?" என்று கேட்டார். ஆமாம் என்றதும் மேலே ஏறினார். ஒவ்வொரு கதவாகத் தட்டும் சத்தம் மாடி மாடியாகக் கேட்டது.

அந்த இருபது பேரிடமும் யாராவது போய்ச் சொல்ல வேண்டும். எல்லோரும் ஒரே குரலில் சகலையைத்தான் சொன்னார்கள். சிரிப்பு வருகிறது சொல்ல. அப்போதும் எனக்குள் சுருக்கென்றது. பொறாமை அவ்வளவு லேசில் கழுவிப் போகிற அழுக்கு இல்லை.

சகலை எழுந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு என்னிடம் வந்தான். "நீங்களும் வாங்க. நட்டவர் வாயால சொன்னாதான் நம்புவாங்க." இரண்டடி நடந்து, "நான் உங்களை மன்னிக்கல அண்ணே," என்றான்.

"மன்னிக்க வேணாம். வேகமா நட. கார்ல போனவரு நமக்கு முந்திப் பேசிடுவாரு."

முந்தித்தான் பேசியிருந்தார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அவர் கார் அங்கிருந்து கிளம்பிக்கொண்டிருந்தது. உள்ளே ரம்பம் ஓடிக்கொண்டிருந்தது. அதே பசை நெடி, அதே வெள்ளைத் தூள். நாலைந்து பேர் கருவிகளைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் எழுந்து எங்களை ஏற இறங்கப் பார்த்தான்.

"அந்தக் கட்டிடத்து ஆளுங்களா? ஒரு பொம்பளையைச் சாகடிக்கப் பார்த்தது உங்க மேஸ்திரியாமே. உங்கள்ல யாரு அது?"

சகலை வாய் திறக்குமுன் நான் முன்னால் போனேன்.

"மேஸ்திரி இவர்தான். தப்பு செஞ்சவன் நான். செய்யச் சொன்னது யாருன்னும் சொல்றேன், கேளுங்க."

சாக்கின் முடிச்சில் இருந்த கைகள் அசையாமல் நின்றன. உள்ளே ரம்பத்தின் சத்தம் நின்றது.