அம்மா சார்பாக

அம்மாவின் வாய் மூடவில்லை. சித்தி ஒரு கையால் தாடையை அழுத்திப் பிடித்துக்கொண்டு மறு கையை நீட்டினாள். மகள் அலமாரியிலிருந்து எடுத்து வந்த துணியை அதில் வைத்தாள்.

"இது அகலம் பத்தாது. வேற கொண்டா."

மகள் வேறு கொண்டுவந்தாள். சித்தி அதை நீளவாக்கில் நான்காக மடித்து, தாடைக்கு அடியில் கொடுத்து, உச்சந்தலையில் இழுத்து முடிச்சுப் போட்டாள். கையை எடுத்ததும் வாய் மறுபடி ஒரு விரல் அளவு திறந்துகொண்டது.

"முப்பது வருஷமா ஊர்ப் பிள்ளைங்க ரகசியத்தை எல்லாம் இந்த வாய்க்குள்ளயே வச்சிருந்தா. இப்பப் பாரு, மூட மாட்டேங்குது," என்றாள் சித்தி. அழுதுகொண்டேதான் சொன்னாள். ஆனாலும் சொல்லாமல் இருக்க அவளால் முடியாது. அவள் நாக்குக்கு, கூடப் பிறந்த அக்கா செத்த அன்றும் விடுமுறை கிடையாது. முடிச்சை அவிழ்த்து இன்னும் இறுக்கிக் கட்டினாள்.

செத்துப்போனவள் ஓர் உயர்நிலைப் பள்ளியில் மாணவர்களுக்கு ஆலோசகராக இருந்தவள். பள்ளிக்கூடத்தில் கவுன்சிலர் மிஸ் என்பார்கள். வீட்டு வாசல் பலகையில் தன் பேருக்குக் கீழே கவுன்சிலர் என்று எழுதிவைத்தது அவளே செய்த தப்பு. அதைப் பார்த்துவிட்டு, சாக்கடை அடைத்துக்கொண்டது, தெருவிளக்கு எரியவில்லை, குழாயில் தண்ணீர் வரவில்லை என்று வருஷக்கணக்கில் ஆட்கள் வந்து கதவைத் தட்டினார்கள். நான் அந்தக் கவுன்சிலர் இல்லை என்று அவள் உடனே சொல்லமாட்டாள். முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் சொல்லுவாள். சாக்கடை அப்படியேதான் கிடந்தது. வந்தவர்கள் என்னவோ நிம்மதியாகத் திரும்பிப் போனார்கள்.

இன்றைக்குக்கூட, உடலை எடுத்துப்போக வண்டிக்குச் சொன்னபோது, ஓட்டுநர் போனில் பவ்வியமாகக் கேட்டான். "கவுன்சிலர் வீடுன்னு சொன்னாங்க. கட்சிக் கொடி எதும் போர்த்தணுங்களா?"

"அவங்க ஸ்கூல் கவுன்சிலர்ங்க," என்றாள் மகள்.

"ஓ. அப்ப கூட்டம் இருக்காது. நான் ஒரு ஆளோட வந்துடறேன்."

காலை பத்து மணிக்கு உயிர் போயிருந்தது. இன்றைக்கோ நாளைக்கோ என்று டாக்டர் சொல்லி மூன்று நாளாயிற்று. அந்த மூன்று நாளும் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும் என்று மகள் கட்டிலையே சுற்றிக்கொண்டிருந்தாள். மூன்று நாள் என்ன, பதினொரு வருஷமாகச் சொல்லாமல் வைத்திருந்தது. காலையில் சித்தி குளிக்கப் போன நேரம் பார்த்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அம்மா... அந்த நோட்டு விஷயம்..."

அம்மா அவளைப் பார்த்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள்.

"அப்புறம்," என்றாள்.

இந்த வீட்டில் அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான். சின்ன வயதில் மகள் ஓடி வந்து எதையாவது சொல்ல வாயெடுத்தால், அம்மா காய் நறுக்கிக்கொண்டே, நிமிர்ந்து பார்க்காமல், அப்புறம் என்பாள். அப்புறம் என்றால் இப்போது இல்லை. பெரும்பாலும் எப்போதும் இல்லை. நாளெல்லாம் ஊர்ப் பிள்ளைகளின் கதையைக் கேட்டுவிட்டு வருகிறவளுக்கு வீட்டில் கேட்கக் காது மிச்சம் இருப்பதில்லை.

இன்று காலை அந்தச் சொல்லைக் கேட்டதும் மகளுக்கு நிம்மதியாக இருந்தது. அதுதான் கேவலம். தப்பித்தோம் என்று எழுந்தாள். அழுக்குப் போர்வைகளை வாஷிங் மெஷினில் திணித்து, சோப்புத் தூள் போட்டு, அது தண்ணீர் இழுக்கத் தொடங்கும்வரை பக்கத்திலேயே நின்றாள். திரும்பி வந்தபோது அம்மா வாயைத் திறந்தபடி கிடந்தாள்.

நோட்டு விஷயம் இதுதான். மாணவர்கள் வந்து சொல்வதை அம்மா ஒரு நோட்டில் எழுதிவைப்பாள். பெயர் எழுதமாட்டாள். 'செவ்வாய், நகம் கடிப்பவன்', 'வியாழன், ஈரக் கைக்குட்டை' என்று கிழமையும் ஓர் அடையாளமும் மட்டும் இருக்கும். யார் கையில் கிடைத்தாலும் ஒன்றும் புரியாது. ஒரு நாள் அது கைப்பையோடு வீட்டுக்கு வந்துவிட்டது.

மகளுக்கு அப்போது பதினாறு வயது. அதே பள்ளிக்கூடத்தில் கடைசி வகுப்பு. ஆனால் அம்மாவின் அறைக்குள் அவள் போனதில்லை. "வீட்டு ஆளுங்களுக்கு இங்க நாற்காலி இல்ல," என்பது அம்மா போட்ட சட்டம். மதிய இடைவேளையில் மகள் தனியாகச் சாப்பிட, அவள் வகுப்பிலேயே படித்த ஒருத்தி தினமும் அந்த அறைக்குப் போய் அம்மாவோடு உட்கார்ந்து அம்மாவின் டப்பாவில் பாதியைச் சாப்பிட்டாள். நோட்டில் ஒரு பக்கத்தின் தலைப்பு: 'தினமும், பாதி டப்பா'. அதற்குக் கீழே, அப்பா வெளிநாட்டில் இருப்பதாக எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறாள், இருப்பது சிறையில், என்று இருந்தது.

அந்த அடையாளம் உலகத்தில் இன்னும் ஒருத்திக்குத்தான் புரியும். காலையில் அம்மாவுக்குச் சாப்பாட்டு டப்பா கட்டிக் கொடுக்கிறவளுக்கு.

பொறாமையில் வயிறு எரிந்தது. மறுநாள் பக்கத்து பெஞ்சுக்காரியிடம், யாரிடமும் சொல்லாதே என்று சத்தியம் வாங்கிக்கொண்டு சொன்னாள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? சாயங்காலத்துக்குள் அந்தப் பெண்ணுக்கு வெளிநாடு என்று பேர் விழுந்துவிட்டது. "வெளிநாடு, உங்கப்பா சாக்லேட் அனுப்பினாரா?" "வெளிநாடு, அங்க மணி அடிச்சாத்தான் சோறாமே?" ஒரு மாதம் தாங்கினாள். பிறகு வருவதை நிறுத்திவிட்டாள். பரீட்சையும் எழுதவில்லை. விசாரணை நடந்தது. அம்மாவை ஒரு வருஷம் நூலகத்தில் புத்தகம் அடுக்க வைத்தார்கள். அம்மா மகளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்குப் பிறகு நோட்டு வீட்டுக்கு வந்ததில்லை, அவ்வளவுதான். அம்மாவுக்குத் தெரியாது, தன் அதிர்ஷ்டம், என்று மகள் நம்பிக்கொண்டிருந்தாள்.

மதியம் இரண்டு மணிக்குத் தலைமை ஆசிரியர் ஐந்தாறு மாணவிகளோடு வந்தார். வாடகை நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"தங்கமான மனுஷி. அந்த ஒரு சறுக்கலைத் தவிர அவங்க சர்வீஸ்ல ஒரு கரும்புள்ளி கிடையாது."

"சாவு வீட்டுல வந்து புள்ளி எண்ணுது பாரு, பெரிய மனுஷன்," என்று சித்தி மகளின் காதில் சொன்னாள்.

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அப்புறம்மா, தப்பா நினைக்காதீங்க. ஆலோசகர் ரூம் அலமாரி சாவி இங்கதான் இருக்கும். திங்கக்கிழமை புது ஆள் வர்றாங்க."

மகள் எழுந்துபோய் அம்மாவின் கைப்பையைத் துழாவினாள். சீருடைப் பெண் ஒருத்தி அவள் பின்னாலேயே வந்தாள். அழுது அழுது மூக்கு சிவந்திருந்தது.

"அக்கா, மிஸ் கடைசியா எதாச்சும் சொன்னாங்களா?"

"அப்புறம்னு சொன்னாங்க."

அந்தப் பெண் மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்களையும் பேசச் சொன்னாங்களாக்கா?"

"என்னது?"

"அங்க ரூம்ல அது மட்டும்தானேக்கா சொல்லுவாங்க. நாங்க சொல்ல முடியாம பாதியில நிறுத்திடுவோம்ல, அப்ப மிஸ் கண்ணை மூடிக்குவாங்க. அவங்க முகத்தைப் பாத்து நாங்க கூச்சப்படக் கூடாதாம். கண்ணை மூடிட்டு அப்புறம்னு சொல்லுவாங்க. கேள்வி மாதிரி கூட இருக்காது. அதைக் கேட்டா எல்லாம் கொட்டிடுவோம்க்கா. எவ்வளவு நேரமானாலும் நாங்க ஆரம்பிக்கிறவரைக்கும் கண்ணைத் திறக்கவே மாட்டாங்க."

காய் நறுக்கும்போது அம்மா ஒருநாளும் கண்ணை மூடியதில்லை. இன்று காலை மூடினாள். தன் சொந்த மகளுக்கு அவள் நாற்காலி போட்டது அந்த ஒரு தடவைதான். மகள் எழுந்து துணி துவைக்கப் போய்விட்டாள். மெஷின் ஓடுகிற சத்தத்தைக் கேட்டபடி, இவள் ஆரம்பிப்பாள் என்று அம்மா எத்தனை நிமிஷம் கண்ணைத் திறக்காமல் கிடந்தாளோ.

சாவியைத் தலைமை ஆசிரியரிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்தாள். இப்போது யாராவது கேட்டால் போதும், எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்றிருந்தது. யாரிடமாவது சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் இது தன்னை விடாது என்று நினைத்தாள்.

அப்போதுதான் வெளிநாடு உள்ளே வந்தாள்.

பதினொரு வருஷம் ஆகியும் பார்த்தவுடன் தெரிந்தது. ஆள் இளைத்திருந்தாள். துணி தேய்க்கும் கடையில் வேலை செய்வதாக எப்போதோ கேள்விப்பட்டது. முன்கையில் இஸ்திரிப் பெட்டி சுட்ட தழும்புகள் வரிசையாக இருந்தன. யாரையும் பார்க்காமல் நேரே உடலின் பக்கத்தில் போய் நின்றாள்.

"யாரும்மா நீ?" என்றாள் சித்தி.

"இவங்ககிட்டப் படிச்சவ." அம்மாவின் முகத்தை நிதானமாகப் பார்த்தாள். "வாயைக் கட்டியிருக்கீங்க. நல்லது. பதினொரு வருஷம் முன்னாடியே கட்டியிருக்கணும்."

தலைமை ஆசிரியர் கையிலிருந்த சாவியை ஆராயத் தொடங்கினார்.

"எங்க வந்து என்ன பேசற?" சித்தி எழுந்துவிட்டாள். "எங்கக்கா யாரு ரகசியத்தையும் வெளிய விட்டவ இல்ல, தெரியுமா?"

"அவங்க வாயாலயே சொன்னாங்க. நான் ஸ்கூலுக்குப் போகாம நின்னதும் எங்க வீட்டுக்கு வந்தாங்க. எங்கம்மா முன்னாடி தரையில உக்காந்தாங்க. 'என்னாலதான் வெளிய போச்சு, தப்பு என்னோடது'ன்னாங்க. யார்கிட்டச் சொன்னீங்க, யார்கிட்டச் சொன்னீங்கன்னு நான் கத்தறேன். 'என்னைத் திட்டிக்கோ. வேற யாரையும் தேடாத'ன்னாங்க." அவள் குரல் உயரவில்லை. "எங்கப்பா விஷயத்தை நான் வேற யாருக்கும் சொன்னதில்லீங்க. இவங்க ஒருத்தரை நம்பித்தான் சொன்னேன். அழறதுக்கு வரல. நெஜமா செத்துட்டாங்களான்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

பாவம் ஓரிடம், பழி ஓரிடம். அம்மாவுக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறது. பாதி டப்பா என்று எழுதியதைப் படித்தறியக்கூடியவள் ஒருத்திதான் என்பது அம்மாவுக்குத் தெரியாதா என்ன! தெரிந்தே அந்தப் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டு, பதினொரு வருஷம் இதே வீட்டில் இவள் கட்டிக் கொடுத்த சாப்பாட்டைச் சாப்பிட்டிருக்கிறாள்.

மகள் எழுந்தாள். எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். அம்மா இல்லை, நான்தான். அவ்வளவுதான் சொல்ல வேண்டியது. பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. சித்தி பார்த்துக்கொண்டிருந்தாள். தலைமை ஆசிரியர் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா என்று கையைப் பிடித்த அந்தப் பெண் கண்ணெல்லாம் நீராகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா சார்பா நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன்," என்றாள் மகள்.

குரல் தழுதழுத்தது. அது நடிப்பு இல்லை. அதனாலேயே இன்னும் நன்றாக எடுபட்டது. யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

வெளிநாடு கிட்டே வந்து மகளின் தோளில் கை வைத்தாள். முதல்முறையாக அவள் கண் கலங்கியது.

"நீ என்ன பண்ணுவ? நீயும் அப்ப சின்னப் பொண்ணுதானே. கிளாஸ்ல எல்லாரும் என்னை அந்தப் பேர் சொல்லிக் கூப்பிட்டாங்க. நீ ஒருத்திதான் கூப்பிடல. எனக்கு மறக்கல."

"இப்படி ஒரு பொண்ணு வாய்க்க எங்கக்கா கொடுத்து வச்சிருக்கணும்," என்று சித்தி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"அப்படியே அம்மா குணம்," என்றார் தலைமை ஆசிரியர்.

வண்டி வந்துவிட்டது. ஓட்டுநர் சொன்னபடி ஒரே ஓர் ஆளோடுதான் வந்தான். வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தான். "தூக்க நாலு பேர் வேணுமே. வேற ஆள் இல்லீங்களா?"

தலைமை ஆசிரியர் தன் முதுகெலும்புத் தேய்மானத்தைப் பற்றிச் சொன்னார். ஓட்டுநரும் அவன் ஆளும் வந்து கால்மாட்டிலும் தலைமாட்டிலும் உடல் கிடந்த விரிப்பின் ஒவ்வொரு முனையைப் பிடித்தார்கள். மகள் தலைமாட்டில் மற்ற முனையைப் பிடித்தாள். மிச்சம் கால்மாட்டில் ஒரு முனை இருந்தது. சித்தி குனியப் போனபோது வெளிநாடு அவளை விலக்கினாள். கைப்பையைத் தோளுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு, விரிப்பின் சுருக்கத்தைப் பழக்கதோஷத்தில் ஒருதரம் நீவிவிட்டு, முனையைக் கையில் சுற்றிக்கொண்டாள்.

தூக்கினார்கள். நடையைத் தாண்டும்போது உடல் ஒரு பக்கமாகச் சரிந்தது.

"உன் பக்கம் இறங்குது பாரு," என்றாள் வெளிநாடு, மகளிடம். "நல்லா ஏத்திப் பிடி. நான் இருக்கேன்ல."

மகள் ஏற்றிப் பிடித்தாள்.