மைக்செட் செய்த ஜெபம்

சபையில் எனக்கு மைக்செட் என்று பட்டப்பெயர். நான் ஜெபம் பண்ணினால் தெருக்கோடி வரை கேட்குமாம். அதே தொண்டையால்தான் ஆஸ்பத்திரி வராந்தாவில் என் மகனுக்காகக் கத்தினேன். ஏழு வயதுப் பிள்ளை. போய்விட்டான். அன்றிலிருந்து எனக்கும் ஆண்டவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

இல்லை என்று நான்தான் சொல்லிக்கொள்கிறேன். தையல் மெஷினில் ஊசி உடைந்தால் வாய் தானாக "ஏசப்பா" என்கிறது. உடனே என்மேலேயே எரிச்சல் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கும் போகிறேன். எதற்கு என்று கேட்டால் தெரியாது. வீட்டில் இருந்தால் இன்னும் மோசமாக இருக்கிறது. பாட்டுக்கு எழுந்து நிற்பேன், வாயைத் திறக்க மாட்டேன். பாஸ்டர் ஒருநாள், "எல்லாம் தேவனோட திட்டம்மா" என்றார். அப்போது என் கையில் கத்தரிக்கோல் இல்லாதது அவர் செய்த புண்ணியம்.

நேற்று சாயங்காலம் கடையில் ஒரு பேண்ட்டுக்குக் கீழ்மடிப்பு அடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்துப் பேக்கரிக்காரரின் மனைவி வந்து வாசலில் நின்றாள். அவள் மகளும் என் மகனும் ஒரே வகுப்பு. அந்தப் பிள்ளைக்கு விடிந்தால் இதயத்தில் ஆபரேஷன்.

"அக்கா, பாப்பாவுக்காக ஒரு ஜெபம் பண்ணுங்கக்கா."

"என் ஜெபம் பலிச்ச லட்சணம் உனக்குத் தெரியாதா? வேற ஆளைப் பாரு."

"தெரியும்க்கா." அவள் நகரவில்லை. "எல்லாரும் ஒண்ணும் ஆகாது, ஒண்ணும் ஆகாதுங்கறாங்க. அதைக் கேக்கக் கேக்கத்தான் பயம் ஜாஸ்தியாகுது. உங்ககிட்டதான் பயமா இருக்குன்னு சொல்ல முடியுது."

துரத்த மனசு வரவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டேன். உட்கார்ந்தவள் என் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள். அவள் விரல் இடுக்கில் மாவு காய்ந்திருந்தது.

"ஆண்டவரே" என்றேன். அதற்கு மேல் வரவில்லை. வழக்கமாகச் சொல்லும் வார்த்தைகள் எல்லாம் ஞாபகம் வந்தன. ஒன்றையும் சொல்லப் பிடிக்கவில்லை. இந்தப் பிள்ளை பிழைக்கட்டும் என்று நினைத்தேன். அடுத்த நொடியே, என் பிள்ளை போனபோது இவள் பிள்ளை மட்டும் ஏன் பிழைக்க வேண்டும் என்றும் நினைத்தேன். இரண்டையும் நினைத்தது நான்தான். இதில் எது ஜெபம், எது பாவம் என்று புரியவில்லை. எதைச் சொல்வது, எதை மறைப்பது? யோசிப்பதற்குள் எல்லாம் வாய்க்கு வந்துவிட்டது.

"ஆண்டவரே, உம்மேல எனக்குக் கோபம் தீரல. இந்தப் பிள்ளை பொழைச்சு, பையைத் தூக்கிட்டு என் கடை வழியா பள்ளிக்கூடம் போனா எனக்கு வயிறு எரியும். எரிஞ்சா எரிஞ்சுட்டுப் போகட்டும். பொழைக்க வையும்."

யார் கையைப் பிடித்துக்கொண்டு என்ன பேசினேன் என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது. கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தேன். அவள் விடவில்லை.

"ஆமென்" என்றாள்.