நாற்பத்தொரு திரைகள்

ஓசூர் சிப்காட்டில் கியர் செய்யும் ஒரு கம்பெனி. 2007 ஜூன் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், அங்கே பத்தாம் நம்பர் இன்ஸ்பெக்‌ஷன் மேஜையின் திரை வெளுத்துப்போனது. ஒரேயடியாக அணைந்திருந்தால்கூடப் பாஸ்கரன் அவ்வளவு பதறியிருக்க மாட்டார். ஓரங்களில் பால் கசிவதுபோல வெண்மை கிளம்பி, மெல்ல நடுவுக்குப் பரவி, எண்களையெல்லாம் விழுங்கிவிட்டது.

பாஸ்கரன் தரம் பார்க்கிற க்யூ.சி.யில் சீனியர் இன்ஸ்பெக்டர். சாத்தூர்க்காரர். ஓசூருக்கு வந்து பதினேழு வருஷம் ஆகியும் பேச்சில் அந்த வாடை போகவில்லை. கியர் பற்கள் ஒரு மைக்ரான் கூடுதலா குறைச்சலா என்று பார்ப்பதே அவர் வேலை. ஷெட் முழுக்க அதற்கென்று நாற்பத்தொரு மேஜைகள். ஒவ்வொன்றிலும் தகரப் பெட்டிக்குள் ஒரு பழைய கம்ப்யூட்டர், பெட்டியின் முகப்பில் பதித்த தட்டைத் திரை, உள்ளே லினக்ஸ். பெங்களூர் ஹெட் ஆபீஸ் புதிய பதிவு மென்பொருள் ஒன்றை அனுப்பியிருந்தது. அது ஓட வேண்டுமானால் லினக்ஸையே புதிய பதிப்புக்கு மாற்ற வேண்டும். சோதனைக்காக முதலில் மாற்றியது பத்தாம் மேஜையை.

மெயின்டெனன்ஸிலிருந்து பூங்கொடி வந்தாள். கல்லாவியில் நிலக்கடலை போடுகிற குடும்பம். கிருஷ்ணகிரியில் எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்தவள், முப்பது வயது இன்னும் ஆகவில்லை. ஆபரேட்டர்களிடம் தெலுங்கு, ஹெட் ஆபீஸ் போனில் கன்னடம், மற்றவர்களிடம் தமிழ் என்று தட்டுத்தடங்கல் இல்லாமல் மாற்றி மாற்றிப் பேசுவாள். பெட்டியை ஒருமுறை அணைத்துப் போட்டு, திரையைத் தொடாமல், தலையைச் சாய்த்துப் பக்கவாட்டிலிருந்து பார்த்தாள்.

"திரை போயிருச்சாம்மா?" என்றார் பாஸ்கரன்.

"இல்லீங்கண்ணா. ஆன் பண்ணினதும் மொதல்ல எழுத்து நல்லா தெரிஞ்சுது, கவனிச்சீங்களா? அப்புறந்தான் வெளுக்குது. திரை நல்லாத்தான் இருக்குது. டிரைவருதான் ஏதோ கோளாறு பண்ணுது."

கம்ப்யூட்டருக்குள் இருக்கும் டிஸ்ப்ளே சிப்போடு பேசி, திரையில் படம் வரவைக்கிற நிரலுக்குப் பேர்தான் டிரைவர் என்று அவள் விளக்கினாள். சாயந்தரம் வீட்டில் பாஸ்கரன் இதைச் சொன்னபோது, அவர் மனைவி பவளம், "யாரு, உங்க பஸ் ஓட்டுற மாரிமுத்தண்ணனா?" என்று கேட்டாள்.

சிப் செய்த நிறுவனம் அதைக் கைவிட்டு வருஷக்கணக்காகியிருந்தது. பெட்டிகளை விற்றவர்களோ, புதுசாக மாற்றிக்கொள்ளுங்கள் என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டார்கள். பூங்கொடி அதோடு விடவில்லை. அந்த டிரைவர் திறந்த மூல நிரல். யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தலாம். உலகத்தில் எங்கெங்கோ இருக்கிற பத்துப் பன்னிரண்டு பேர் தங்கள் ஓய்வு நேரத்தில் அதைப் பார்த்துக்கொள்கிறார்கள். அவர்களுடைய மின்மடல் குழுவில் போய்த் தேடியபோது, மூன்று வாரத்துக்கு முந்தைய ஓர் அறிவிப்பு அவள் கண்ணில் பட்டது. எழுதியவர் ஹென்றிக், அந்தக் குழுவின் தலைவர். பழைய சிப்பை வைத்துச் சோதிக்க யாரிடமும் மெஷின் இல்லை, ஆகையால் அடுத்த பதிப்பில் அதற்கான ஆதரவை நீக்கப்போகிறோம், ஆட்சேபணை இருந்தால் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தார்.

கேன்டீனில் சாப்பாட்டு டப்பாவை ஒருபுறம் தள்ளிவைத்துவிட்டு, பூங்கொடி அவருக்குப் பதில் எழுதியதைப் பாஸ்கரன் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். எழுதியது கொஞ்சந்தான். "நீக்க வேண்டாம். என்னிடம் நாற்பத்தொரு மெஷின் இருக்கிறது."

மறுநாளே பதில் வந்தது. "நீங்கள் சோதித்தால் அது இருக்கும். ஆனால் கோளாறையும் நீங்களேதான் கண்டுபிடிக்க வேண்டும். எங்களால் கேள்விக்குப் பதில் சொல்ல மட்டும் முடியும்."

"என்னம்மா, வேலைய உன் தலையிலயே கட்டிட்டானே?"

"நாயமாத்தான் சொல்றாருங்கண்ணா. கையில மெஷின் இல்லாத மனுசன் எதைப் பாத்துச் சரிபண்ணுவாரு?"

அன்றிலிருந்து அவளுடைய மதிய நேரமும், ஷெட் ஓடாத வார விடுமுறையும் பத்தாம் மேஜையில் கழிந்தன. பெட்டியைப் பிரித்து, திரைக்குப் போகிற ஒயர்களில், சிக்னலைக் கோடாக வரைந்து காட்டுகிற ஆசிலோஸ்கோப்பை மாட்டினாள். பாஸ்கரன் ஒத்தாசைக்கு நின்றார். டிரைவரின் நிரலைத் தாளில் அச்செடுத்து, பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே போவாள். புரியாத வரி வந்தால் அடுத்த வரிக்குப் போக மாட்டாள். ஒரே பக்கத்தில் இரண்டு நாள் நின்றதும் உண்டு. பாஸ்கரன் எத்தனையோ என்ஜினியர்களைப் பார்த்தவர். தெரியாததைத் தெரியாது என்று இவ்வளவு நிதானமாக ஒத்துக்கொண்டு, அங்கேயே உட்கார்ந்துவிடுகிற ஆளை அவர் பார்த்ததில்லை.

ஒன்பதாம் நாள் காரணம் பிடிபட்டது. திரைக்கு முதலில் கரண்ட் போக வேண்டும். அது நிலைப்பட்ட பிறகுதான் படத்துக்கான சிக்னல் போக வேண்டும். பழைய டிரைவர் இந்த வேலையை பயாஸிடம், அதாவது கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் முதலில் விழித்துக்கொள்கிற சின்ன நிரலிடம், விட்டிருந்தது. புதிய டிரைவர் அதைத் தானே செய்யப்போய் அவசரப்பட்டுவிட்டது. கரண்ட் கொடுத்த கையோடு சிக்னலையும் தள்ளியது. பூங்கொடி இடையில் இருநூறு மில்லி செகண்டு காத்திருக்கச் சொல்லி ஒரு வரி சேர்த்தாள். திரை வெளுக்கவில்லை. எண்கள் பளிச்சென்று நின்றன.

நாற்பத்தொரு மேஜையும் புதிய பதிப்புக்கு மாறின. பிளான்ட் மேனேஜர் சென்னகிருஷ்ணன் காலை மீட்டிங்கில் எல்லோரையும் கைதட்டச் சொன்னார். அவள் எழுதிய திருத்தத்தை ஹென்றிக்கும் ஏற்றுக்கொண்டு, இனி இந்தச் சிப்புக்குப் பொறுப்பு பூங்கொடி என்று நிரலோடு வருகிற பொறுப்பாளர் பட்டியலில் எழுதிவிட்டார். இதோடு கதை முடிந்தது என்றுதான் பாஸ்கரன் நினைத்தார்.

மூன்று வாரம் கழித்து பிரேசிலிலிருந்து ஒரு மடல் வந்தது. தியாகோ என்ற பள்ளி ஆசிரியர் எழுதியிருந்தார். அவருடைய பழைய லேப்டாப்பிலும் அதே சிப். சோதனைப் பதிப்பைப் போட்டதிலிருந்து, மூடித் திறந்தால் திரை உயிர் பெறுவதில்லை. பாடமெல்லாம் அதில்தான் இருக்கிறது, தயவுசெய்து பாருங்கள் என்று கேட்டிருந்தார்.

பூங்கொடி அதைப் பாஸ்கரனிடம் படித்துக் காட்டினாள். "என்னோட இருநூறுதாண்ணா. அவரோட திரைக்குச் சீக்கிரமே சிக்னல் வரணும். நான் காக்க வைக்கிறேன். அது வேற மாதிரி சாதனம்னு நான் யோசிக்கவே இல்ல."

பதிப்பு வெளியாகப் பத்து நாள்தான் இருந்தது. ஹென்றிக், முடிவை அவளிடமே விட்டார். நாற்பத்தொரு மெஷினா, ஒரு லேப்டாப்பா என்று மட்டும் கேட்டிருந்தார். பூங்கொடி தன் திருத்தத்தை எடுத்துவிடச் சொல்லி எழுதினாள். சென்னகிருஷ்ணன் காதுக்கு அது போனதும் அவளைக் கூப்பிட்டனுப்பினார். பாஸ்கரனும் கூடப் போனார்.

"எங்கயோ இருக்கிற ஒருத்தனுக்காக நம்ம ஷெட்டைக் கெடுப்பியாம்மா?"

"நம்ம ஷெட் கெடாது சார். நம்ம மெஷின்ல என்னோட வரி அப்படியே இருக்கும். ஆனா ஹெட் ஆபீஸ்ல இருந்து ஒவ்வொரு தடவை அப்டேட் வரும்போதும் அது அழிஞ்சுபோவும். நாற்பத்தொண்ணுக்கும் நான் கையால திருப்பிப் போடணும்."

"யாரு போடுறது? எப்ப போடுறது?"

"நான்தான் சார். ஷிஃப்ட் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி வந்து போட்டுடறேன். சரியான வழி கெடைக்கிற வரைக்கும்."

"அவனோடதை விட்டுட்டாத்தான் என்ன?"

"அவரு திரை முன்னாடி நல்லாத்தான் இருந்துச்சுங்க சார். கெடுத்தது நான்."

 ஒரு மேஜையில் திரை வெளுத்தாலும் உன்னைத்தான் கேட்பேன் என்று சொல்லிச் சென்னகிருஷ்ணன் அனுப்பிவிட்டார்.

அடுத்த இரண்டு மாதத்தில் ஐந்து அப்டேட் வந்தன. ஐந்து தடவையும் பூங்கொடி காலை ஐந்தரைக்கு வந்து, மேஜை மேஜையாக நின்று, நாற்பத்தொன்றுக்கும் தன் வரியைத் திரும்பப் போட்டாள். ஒரு தடவைகூட ஷிஃப்ட் தாமதமாகவில்லை. மூன்றாம் தடவையிலிருந்து பாஸ்கரனும் சீக்கிரமே வந்து, பெட்டிகளின் பூட்டைத் திறந்து கொடுத்தபடி முன்னால் போனார். தன்னை யாரும் குற்றம் சொல்லாத இடத்தில் தானே குற்றத்தை ஏற்று இப்படி உழைக்கிறாளே என்ற வியப்பு அவருக்குத் தீரவில்லை. அவளிடம் அதைச் சொல்லத் தெரியாமல், பிளாஸ்க்கில் டீ கொண்டுவந்தார்.

நடுவில் தியாகோவோடு கடிதப் போக்குவரத்து நடந்தது. அவர் நிரல் எழுதத் தெரியாதவர். எந்தக் கட்டளையைத் தட்ட வேண்டும், வருவதை எப்படிச் சேமிக்க வேண்டும் என்று ஒவ்வொரு படியாக அவள் எழுதுவாள். அவர் தப்பாகச் செய்தால், தன் மடலில் எது குழப்பமாக இருந்தது என்று முதலில் தேடுவாள். கடைசியில் அவருடைய பயாஸுக்குள் இருக்கும் அட்டவணை வந்து சேர்ந்தது. அதையும் தங்கள் மெஷினின் அட்டவணையையும் அருகருகே அச்செடுத்து, மேஜையில் விரித்தாள்.

"இதுல பாருங்கண்ணா, காத்திருக்க வேண்டிய நேரம்னு ஒரு எண் இருக்குது. நம்மளுக்கு ரெண்டாயிரம். அவருக்கு முந்நூறு. டிரைவரும் இதைப் படிக்கத்தான் செய்யுது. ஆனா ரெண்டாயிரம் மைக்ரோ செகண்டுன்னா ரெண்டே ரெண்டு மில்லி செகண்டு. அது போதாது. அப்ப இந்த எண்ணே தப்போன்னு தோணுது."

பாஸ்கரன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எட்டிப்பார்த்தார். நிரல் அவருக்குத் தெரியாது. அளவு தெரியும்.

"மைக்ரோ செகண்டுன்னு இந்த அட்டவணையில எங்கிட்டு இருக்கு?"

"இதுல இல்லீங்கண்ணா. டிரைவர் நிரல்ல எழுதியிருக்காங்க."

"எழுதினவன் எதைப் பாத்து எழுதினான்? யூனிட் போடாத டிராயிங் வந்தா நான் அளக்கிற கேஜையே தொட மாட்டேன். மில்லிமீட்டரா, இஞ்சான்னு கேட்டுட்டுத்தான் மறுவேலை."

பூங்கொடி தாளிலிருந்து தலையைத் தூக்கினாள். "யாரும் கேக்கலீங்கண்ணா. இத்தனை நாளா யாருமே கேக்கல." சட்டென்று எழுந்துபோய் ஸ்கோப்பை இழுத்துவந்தாள். டிரைவர் வருவதற்கு முன்னால், கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் பயாஸும் ஒருமுறை திரையை ஏற்றுகிறதே, அது எவ்வளவு நேரம் காத்திருக்கிறது என்று அளந்தாள். பத்துத் தடவை அணைத்து அணைத்துப் போட்டாள். பத்துத் தடவையும் சரியாக இருநூறு மில்லி செகண்டு.

ரெண்டாயிரம் என்ற எண்ணில் ஒவ்வொன்றும் நூறு மைக்ரோ செகண்டு. அவ்வளவுதான் விஷயம். எண் சரி, அலகைத்தான் தப்பாக எடுத்திருந்தார்கள். தியாகோவின் முந்நூறு, முப்பது மில்லி செகண்டு. பூங்கொடி தன் இருநூறை எடுத்தெறிந்துவிட்டு, அட்டவணை எண்ணை நூறால் பெருக்கச் சொல்லி ஒரு வரி எழுதினாள். ஷெட்டின் திரை வெளுக்காமல் நின்றது. பிரேசிலுக்கு அனுப்பினாள். தியாகோ தன் வகுப்பறை மேஜைமேல் லேப்டாப் வெளிச்சமாக இருக்கிற படத்தை அனுப்பினார். ஹென்றிக், "இந்த வரியை நான் பலமுறை படித்திருக்கிறேன், ஒருமுறையும் சந்தேகப்பட்டதில்லை" என்று எழுதினார். பாஸ்கரன் அந்த மடலை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார்.

2009 கடைசியில் கம்பெனி எல்லா மேஜைக்கும் புதுக் கம்ப்யூட்டர் வாங்கியது. பழைய பெட்டிகள் ஸ்கிராப்புக்குப் போக வரிசையாக நின்றன. பூங்கொடி சென்னகிருஷ்ணனிடம் போய் ஒரே ஒரு பெட்டி கேட்டாள். அவர் இரண்டாக எடுத்துக்கொள்ளச் சொன்னார். ஏற்றிப்போகப் பாஸ்கரன் ஒரு சின்ன லாரி பிடித்தார். பாகலூர் ரோட்டில் அவள் வீட்டுக்காரர் சுபாஷ் துணி பீரோவை நகர்த்தி இடம் செய்து வைத்திருந்தார்.

"இனி நமக்கு இது வேண்டாமேம்மா. எதுக்கு இந்தப் பாரம்?" என்று கேட்டார் பாஸ்கரன், மூச்சு வாங்கிக்கொண்டே.

"நமக்கு வேண்டாங்கண்ணா. இந்தச் சிப்பை வச்சுக்கிட்டு இன்னும் பதினாலு பேரு எனக்கு எழுதறாங்க. மூணு மாசத்துக்கு ஒரு பதிப்பு வருது. எங்கிட்ட மெஷின் இல்லாம நான் ஒருத்தருக்குப் பதில் சொன்னா அது வெறும் ஊகம்."

பாஸ்கரன் லாரியில் மிச்சமிருந்த இரண்டாவது பெட்டியைப் பார்த்தார். "அப்ப இதை எங்க வீட்டுக்குக் கொண்டுபோறேன். ரெண்டு பேரு தனித்தனியா பாத்தா தப்பு மாட்டும்ல?"

அவள் சிரித்தாள். என்ன செய்ய வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள். பவளம் முதலில் முணுமுணுத்தாள். பிறகு டி.வி.க்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டுக் கொடுத்தாள்.

பொங்கலுக்கு அடுத்த வாரம் புதுப் பதிப்பு வந்தது. பூங்கொடியின் புதிய திருத்தத்துக்குக் கீழே, சோதித்தவர் என்ற இடத்தில், பாஸ்கரன், ஓசூர் என்று இருந்தது. அவர் அதை வாய்விட்டுப் படித்தார். பவளத்தைக் கூப்பிட்டுக் காட்டினார். அப்புறம் வழக்கம்போலக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, திரையின் இடது ஓரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஒரே ஒரு கோடு லேசாக நடுங்கிற்று.

உடனே போன் போட்டார். "பூங்கொடி, இடது ஓரத்துல ஒரு கோடு ஆடுதும்மா."

"எத்தனாவது கோடுங்கண்ணா?" என்றாள் அவள். பென்சில் தேடுகிற சத்தம் போனில் கேட்டது.