மீனைத் தொடாத தோணிக்காரன்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன் கண்ணுகளா, இந்தக் கதையில் பாதிதான் என்னிடம் இருக்கிறது.

பர்மாவில் எங்கள் ஊர்ப்பக்கம், தான்யின்கோன் சந்தையில் புளிச்சகீரை வாங்கிக்கொண்டு, நகரத்தைச் சுற்றி வருகிற ரயிலில் ஏறினேன். எதிர் பெஞ்சில் சிவராஜ். எங்கள் இன்சீன் பையன்தான். பையன் என்றால் எனக்குப் பையன், ஐம்பதைத் தாண்டியவன். மீன்பிடிக்க ஆசைப்பட்டு வருகிறவர்களை வடக்கே ஏரிகளுக்குக் கூட்டிப்போய், தோணியில் உட்காரவைத்து, மீன் கிடக்கிற இடத்தைக் காட்டுவது அவன் பிழைப்பு. அன்றைக்கு நடந்ததை அவனாகவே சொல்ல ஆரம்பித்தான். கடைசியில் என்னிடம் ஒன்று கேட்டான். பதில் சொல்வதற்குள் இன்சீன் ஸ்டேஷன் வந்துவிட்டது. இறங்கிப் போய்விட்டான்.

அந்தப் பதிலைத்தான் அன்றுமுதல் எழுதிப் பார்க்கிறேன். கை ஓய்ந்ததுதான் மிச்சம். முதல் வரியே நிற்க மாட்டேன் என்கிறது.

"ஏரி கண்ணாடிபோல் கிடந்தது." (எந்த ஏரிதான் கதையில் கண்ணாடிபோல் கிடக்கவில்லை? அடித்துவிட்டேன்.)

"மஞ்சுளாவிடமிருந்து போன் வந்து..." (இதை முதலிலேயே போட்டால் மீனை யார் பார்ப்பார்கள் என்று அடித்தேன். ஆனால் இதைச் சொல்லாமல் தோணி நகராது. சொல்லிவிடுகிறேன்.)

மஞ்சுளா சிவராஜின் ஒரே மகள். தாய்லாந்தில் தையல் வேலை என்று கிளம்பினாள். எல்லையில், மியாவடியிலிருந்து ஒரு போன் வந்தது. "நாளைக்கு அந்தப் பக்கம் போயிருவோம்மா, அழாத." அதன் பிறகு இல்லை. மழை முடிந்து பனி வந்துவிட்டது, இன்னும் இல்லை.

தாய் புஷ்பலதா மாரியம்மனிடம் போய் நின்றாள். பிள்ளையின் குரல் காதில் விழட்டும், என் புருஷன் பூ மிதிப்பான் என்று வேண்டிக்கொண்டாள். சிவராஜின் வலது மணிக்கட்டில் மஞ்சள் கயிறு ஏறியது. காப்புக் கட்டிவிட்டால் கை சுத்தமாக இருக்க வேண்டும். மீன், மாமிசம் கூடாது. அவன் பிழைப்போ மீன்.

2

சண்டை இப்படி நடந்தது என்று அவன் சொன்னான். நான் கொஞ்சம்கூடச் சேர்க்கவில்லை.

"ஏரிக்குப் போகாதீங்க."

"போகாட்டி அடுப்புல என்னத்த வப்ப?"

"அப்பப் போங்க. தோணி தள்ளுங்க, எடத்தக் காட்டுங்க. மீன மட்டும் தொடாதீங்க."

"மீன்புடிக்கிற தோணியில மீனத் தொடாம எப்படிடி?"

"நகைக்கடையில வேல பாக்குறவனெல்லாம் நகையப் போட்டுக்கிட்டா நிக்கிறான்?"

துடுப்பை எடுத்துக்கொண்டு கிளம்பினான். 

அன்றுமுதல் தோணியில் ஏறுமுன்பே ஆட்களிடம் சொல்லிவிடுவான்: துடுப்பு நான், தூண்டில் நீங்கள்; முள் கழற்றுவதும் நீங்களே. சிலர் சிரித்தார்கள். சிலர் வேறு தோணி பார்த்துப் போனார்கள். சாயங்காலம் வீடு திரும்பினால் புஷ்பலதா வாசற்படியில் நின்று கேட்பாள், "தொட்டீங்களா?" "இல்ல" என்பான். பிறகுதான் வழி விடுவாள். வீட்டுக்குள் வர அவனுக்கு அந்த ஒரு சொல்தான் சீட்டு.

[எந்த ஏரி என்று கேட்காதீர்கள். தோணிக்காரர்கள் மீன் கிடக்கிற இடத்தை வெளியே சொல்வதில்லை. என்னிடம் சொன்னான்தான். நான் சொன்னால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் எல்லோரும் அங்கே நிற்பீர்கள்.]

3

இனி ஏரி.

அன்று வந்தவர் சைமன். கியாக்டடாவில் ஒரு அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறவர், இளவட்டம். மீனைப் பிடிப்பார், ஒரு படம் எடுப்பார், தண்ணீரிலேயே விட்டுவிடுவார். கொல்ல மாட்டார். காப்பைப் பற்றிச் சிவராஜ் சொன்னதும், "யபாதே அண்ணே" என்றார். பரவாயில்லை என்று அர்த்தம். தமிழில் ஆரம்பித்துப் பர்மாப் பேச்சில் முடிக்கிற பிள்ளை.

காலை வெயில் ஏறும்போது தாமரைக்கொடிக்குள் ரப்பர் தவளையை வீசினார் சைமன். தவளையின் வயிற்றுக்குள் இரட்டை முள் இருக்கும். ஒரு விரால் வந்து கவ்வியது. சின்ன மீனில்லை. அதைத் தோணியோரம் இழுத்து வலைக்குள் போடுவதற்குள் அவருக்கு மூச்சு வாங்கிவிட்டது.

பார்த்த உடனே சிவராஜுக்குத் தெரிந்துவிட்டது. ஒரு முள் மேல்தாடையில், மற்றது கீழ்த்தாடையில். வாய் தைத்ததுபோல் மூடிக்கிடந்தது.

"குறடால புடிச்சு மேல்முள்ள மொதல்ல திருப்புங்க தம்பி."

"கடிக்குமாண்ணே?"

"வாயத் தொறந்தாத்தானே கடிக்கும்?"

சைமன் குறடை வைத்தார். விரால் உடம்பை ஒரு முறுக்கு முறுக்கியது. குறடு தண்ணீருக்குள் போய்விட்டது.

இரண்டு பேரும் அது போன இடத்தையே பார்த்தார்கள்.

வெறுங்கையால் முயன்றார் சைமன். வழுக்கியது. பிறகு வழுக்காமலே கையை எடுத்துக்கொண்டார். "நூல அறுத்து வுட்டுருவோமாண்ணே? எப்படியும் பொழச்சுக்கும்ல?"

பிழைக்காது. விராலுக்குத் தண்ணீர் மட்டும் போதாது. அது மேலே வந்து வாய் திறந்து காற்றுக் குடிக்க வேண்டும். வாயைப் பூட்டி அனுப்பினால் தண்ணீருக்குள்ளேயே மூச்சு முட்டிச் செத்துப்போகும். பிழைச்சுக்கும் என்று சொல்லிவிட்டால் சைமன் நம்புவார். கொன்றது தான்தான் என்று அவருக்குத் தெரியவும் வராது. சிவராஜ் வாயைத் திறந்தான். மூடிக்கொண்டு வலையைப் பார்த்தான்.

வலைக்குள் அந்த மீன் தாடையைத் திறக்கப் பார்த்தது, முடியவில்லை. மறுபடி பார்த்தது.

காப்பு வலது கையில்தானே இருக்கிறது, இடது கை வேண்டுதலில் சேர்த்தியா என்று யோசித்தான் சிவராஜ். (என்னிடம் இதைச் சொல்லும்போது கொஞ்சம் சிரித்தான்.) துடுப்பை வைத்துவிட்டு இடது கையால் மட்டும் முள்ளைப் பிடித்தான். ஒரு கையால் ஆகிற வேலையா அது? மீனை அமுக்க ஒரு கை, முள்ளைத் திருப்ப ஒரு கை.

வலது கையும் போயிற்று. மஞ்சள் கயிறு நனைந்தது, கொஞ்சம் ரத்தமும் பட்டது. மேல்முள், பிறகு கீழ்முள். வாய் திறந்தது. தண்ணீரில் விட்டதும் அது அங்கேயே கொஞ்சம் நின்று, மேலே வந்து ஒரு வாய் காற்றை இழுத்துக்கொண்டு கொடிக்குள் போயிற்று.

சைமன் படம் எடுக்கவில்லை. "அண்ணே, காப்பு..." என்றார்.

"வீசுங்க தம்பி. வெயில் ஏறுது" என்றான் சிவராஜ்.

4

எனக்குப் புஷ்பலதாமேல் சந்தேகம் வந்துவிட்டது. ஒரு பெண்ணை வாசற்படியில் நிறுத்தி ஒரே கேள்வியைத் தினமும் கேட்கவைத்தால் அவள் போலீஸ்காரி மாதிரி ஆகிவிடுகிறாள். எழுதுகிற எனக்கே பிடிக்காமல் போகிறது.

ஆகவே அவளையும் கொஞ்சம் வழுக்கவிட்டால் என்ன என்று தோன்றியது. அவளும் விரதம்தான். பசி தாங்காமல் இன்சீன் சந்தையில் ஒரு கிண்ணம் மொஹிங்கா குடித்துவிட்டாள் என்று வைத்தால்? மீன் கரைத்த குழம்பாயிற்றே அது! இவன் கையில் மீன், அவள் வயிற்றில் மீன், இருவரும் வாசலில் சந்திக்கிறார்கள், இருவருமே

(இந்த வாக்கியத்தை முடிக்கப் போவதில்லை. எல்லோரும் சிரித்துவிட்டுத் தூங்கப் போவீர்கள். அவளைச் சின்னவளாக்கி அவனைத் தப்பவைக்கிற வேலை இது. அவள் மொஹிங்கா குடிக்கவில்லை. உலர்ந்த வாயோடு சோறு வடித்துக்கொண்டிருக்கிறாள். அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டுதான் அவளால் நிற்க முடிகிறது. அதை விட்டால் அவள் கையில் வேறொன்றும் இல்லை.)

5

ரயிலில் அவன் என்னிடம் கேட்டது இதுதான்: "அக்கா, நீங்க கத கட்டுறவங்க. இத எப்படிச் சொன்னா அவ தாங்குவா?"

தொட்டது குற்றமா என்று கேட்டிருந்தால் ஏதாவது சொல்லியிருப்பேன். அவன் அதைக் கேட்கவில்லை.

"இல்ல" என்று சொல்லிவிட்டு உள்ளே போகிறான் என்று எழுதினேன். சோறு போடுகிறாள், சாப்பிடுகிறான். பிறகும் போன் வராவிட்டால், வராததற்குத் தன் கைதான் காரணம் என்று அவன் ஒருவனே சுமப்பான். அடித்தேன்.

"தொட்டேன்" என்று சொல்கிறான் என்று எழுதினேன். அவள் திட்டவில்லை. உட்கார்ந்துவிடுகிறாள். பிறகு எழுந்து, வேண்டுதலை முதலிலிருந்து தொடங்க, புதுக் காப்புக்கு மஞ்சளை எடுக்கிறாள். அந்தக் கை மஞ்சளை எடுப்பதை எழுத என்னால் ஆகவில்லை.

போனை அடிக்கவிடலாமே என்பீர்கள். அதற்கு எனக்கு ஒரே ஒரு வரிதான் வேண்டும். அவன் படியேறும்போது அடிக்கட்டும், "அம்மா" என்று ஒரு குரல் வரட்டும், கேள்வியே மறந்துபோகட்டும். எழுதிவிட்டேன், நன்றாகத்தான் இருந்தது. பிறகு நினைத்துப் பார்த்தேன். தன்லியினில், கியாக்டடாவில், எங்கள் தெருவிலேயே, போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவர்கள் எத்தனை பேர். இதைக் கேட்டுக்கொண்டிருக்கிற உங்களிலும் சிலர் இருப்பீர்கள். உங்கள் போன் அடிக்காதபோது, கதைக்குள் ஒரு போனை மட்டும் அடிக்கவிட எனக்கு மனம் வரவில்லை கண்ணுகளா.

அதனால் நான் இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். இப்போது அவன் வாசலுக்கு வந்துவிட்டான். செருப்பைக் கழற்றிவிட்டான். உள்ளே, புஷ்பலதா நிற்கிற இடத்தில், நீங்கள் நிற்கிறீர்கள். அவன் முகத்தைப் பாருங்கள், கயிற்றையும் பாருங்கள். கேட்பதானால் கேளுங்கள், அது உங்கள் பாடு.

ஆனால் முதலில் கொஞ்சம் விலகி, அவன் உள்ளே வர வழி விடுங்கள்.