வாத்து என்று கூப்பிட்டவன்

இத்தாலிச் சண்டையில் விலா நொறுங்கி, பட்டாளத்து ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்துத் தென்காசிக்குத் திரும்பிய சங்கிலிப்பாண்டி, வந்ததிலிருந்து பெண்டாட்டியை ‘டக்கு’ என்றுதான் கூப்பிட்டான். ஆவுடைத்தாய்க்கு அர்த்தம் தெரியாது, கேட்கக் கூச்சம். ஏதோ இங்கிலீஷ் செல்லம் என்று உள்ளுக்குள் பூரித்துக்கொண்டாள்.

சாரல் பிடித்ததும் இருவரும் ஐந்தருவிக்குப் போனார்கள். குளித்துக் கரையேறியவன் கூட்டத்தின் இரைச்சலை மீறிக் கத்தினான். “ஏ டக்கு, இங்கன வாட்டி!”

பக்கத்தில் துண்டைப் பிழிந்துகொண்டிருந்த வக்கீல் குமாஸ்தா பால்வண்ணநாதன் சிரித்துவிட்டார். “என்ன அண்ணாச்சி, வீட்டுக்காரியப் போயி வாத்துங்கீரே!”

சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். ஆவுடைத்தாய்க்கு முகம் வெந்துபோயிற்று. சிறு வயதில் வைக்கோல் வண்டியிலிருந்து விழுந்ததில் அவளுக்கு இடது கால் சற்றுக் குட்டை. சாய்ந்து சாய்ந்துதான் நடப்பாள். அதைத்தானா இத்தனை நாளும் வாய் நிறையச் சொன்னான்?

ஈரச் சேலையோடு சாலையில் இறங்கி நடந்தாள். பின்னால் எல்லாரும் தன் இடுப்பையே பார்ப்பதாகத் தோன்றியது. நேராக நடக்கப் பார்த்தாள், முடியவில்லை. ஒரு கல்லில் உட்கார்ந்தாள், உடனே எழுந்தாள்.

விலாவைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தான் அவன்.

“எத்தன நாளா என் நடையச் சொல்லிச் சிரிக்கீய?”

“நடையா? சத்தியமா இல்லட்டி. ஆஸ்பத்திரியில ஒரு வெள்ளக்கார நர்சு, காயம்பட்ட எல்லாரையும் ‘மை டக்’னுதான் கூப்பிடுவா. வாத்துங்காளேன்னு எனக்கும் கோவந்தான். அவ ஊருல பாசமானவங்களை அப்படித்தான் சொல்லுவாகளாம். அது பறவைதானா, பழைய காலத்துல தலைவனச் சொன்ன வார்த்தை மருவி வந்ததான்னு அவளுக்கே நிச்சயமாத் தெரியல. பக்கத்துக் கட்டில்ல சாகக் கெடந்தவன் அதக் கேட்டுத்தான் அழுகைய நிறுத்துனான். அத விட நல்ல வார்த்தை எனக்குத் தெரியலட்டி.”

அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. “அந்த நர்சு சிறுசா, கெழவியா?”

“எங்கம்மை வயசு.”

நிஜமா என்று அவன் கண்ணையே பார்த்தாள். “இருந்தாலும் அவ வார்த்தை எனக்கு வேண்டாம். நீங்களா ஒண்ணு சொல்லுங்க.”

ஊருக்குத் திரும்பும் வண்டியில் வழியெல்லாம் யோசித்தான். “கிளி?”

“ஊரெல்லாம் கிளிதான்.”

“மயிலு?”

“அதுல ஆம்பளதான் அழகு.”

தென்காசிக் கோயிலின் மொட்டைக் கோபுரம் கண்ணில் படும்வரை ஒன்றும் அமையவில்லை. கடைசியில் அலுத்துப்போய், “ஆவுடை” என்றான். கல்யாணமாகி அன்றுவரை அவன் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

“இன்னொருக்கச் சொல்லுங்க” என்றாள், வண்டிக்காரனுக்குக் கேட்காதபடி.